அமெரிக்கா காலனி உண்டான விதம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாம் வகுப்பு வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். அதிலும் ஆற்றில் தண்ணீர் வந்த நாட்களில் போகவில்லை. வாசகசாலைக்காரர்கள் ஒரு புத்தகம் போடுவதாகவும், ஞாபகத்தில் இருக்கிற ஏதாவது ஒன்றை எழுதிக் கொடுக்கும்படியும் சொன்னதால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். மறதியும் உண்டு. நடந்தது போன வருஷமா அதற்கு முந்தின வருஷமா என்று இப்போதே குழப்பமாக இருக்கிறது. ஆட்களின் பேரை எழுதவில்லை. அது மறதியால் அல்ல. எழுதினால் ஒருத்திக்கு வேலை போகலாம்.

நான் இருப்பது கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே ஒரு காலனியில். நடுவில் ஒரே சுவர் வைத்து இரண்டு இரண்டு வீடாகக் கட்டியிருப்பார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். எனக்கு எழுபது நெருங்குகிறது. அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவள் மிளகாய் வறுத்தால் நான் தும்முவேன். முன்பெல்லாம் ரோட்டோரத்து போர்டில் காலனி என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லை இனி எழுதக் கூடாது என்று சர்க்கார் சொன்னதால் அதை அழித்து நகர் என்று எழுதினார்கள். பஸ் கண்டக்டருக்கு அந்த உத்தரவு இன்னும் போய்ச் சேரவில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் போய்ச் சேரவில்லை.

அவள் ஒரு சர்க்கார் ஆபீஸில் கூட்டிப் பெருக்குகிறாள். பதினோரு வருஷமாகத் தினக்கூலி. புருஷன் இல்லை. ஆபீஸில் அந்த வேலையை நிரந்தரம் ஆக்கப் போவதாகச் சொன்னார்கள். ஆனால் ஏழாம் வகுப்பு பாஸ் ஆன சர்ட்டிபிகேட் வைக்க வேண்டும். அவள் அஞ்சாவதோடு நின்றவள். சர்ட்டிபிகேட் வைக்காவிட்டால் வைக்கிற வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். இவள் பதினோரு வருஷம் கூட்டின அறையை அந்த ஆள் வந்து கூட்டுவாள். அவ்வளவுதான் விஷயம்.

எங்களைப் போன்றவர்களுக்கு என்று ஏழாம் வகுப்புக்குச் சமமான ஒரு பரீட்சை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடக்கும். மலையாளத்தில் எழுத வராதவர்கள் தமிழிலேயே எழுதலாம். தனியாகப் போக அவளுக்கு மனமில்லை.

"துணைக்கு வாங்க்கா. பஸ்ஸுல சும்மா போயிட்டு வர்றாப்ல நெனச்சுக்குங்க."

"எனக்கெதுக்கு அம்முணி சர்ட்டிபிகேட்? நான் எங்க போய் வெக்கறது?"

"ஊட்ல செவுத்துல மாட்டுங்க. அந்தச் செவுரு எனக்கும் பாதி. நானும் பாத்துக்கறேன்."

போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். நான் கொஞ்சம் கூச்சக்காரி. பஸ்ஸில் எங்கள் நிறுத்தத்தில் இறங்க ஆள் இல்லாவிட்டால் நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுக்க மாட்டேன். அடுத்த நிறுத்தத்தில் யாராவது இறங்கும்போது இறங்கித் திரும்பி நடந்து வருவேன். அப்படிப்பட்டவள் வகுப்பில் சந்தேகம் கேட்பேனா? ஒரு வருஷத்தில் நான் டீச்சரிடம் பேசியது, வந்திருக்கிறேன் என்பது மட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லேப்பிள்ளியில் அவளுடைய நாத்தனார் வீட்டில் ஒரு சாவு. இரண்டு பேரும் அங்கே போய்விட்டோம். மறுநாள் டீச்சர் அவளுடைய போனுக்குக் குரல் பதிவு அனுப்பியிருந்தார்கள்.

"ப்ராஜக்ட் எழுதணும், ரெண்டு பேரும். அமெரிக்கன் காலனி உண்டானது எப்படி, ஆரம்பத்துல வந்து குடியேறினவங்க என்னென்ன கஷ்டப்பட்டாங்க. பத்துப் பக்கம். பரீட்சைக்கு வர்ற சார் நேர்லயும் கேள்வி கேப்பாரு. மறக்காதீங்க."

மூன்று தடவை போட்டுக் கேட்டோம். எனக்கு எங்கேயோ ஒரு நெருடல். அவளுக்கு இல்லை.

"இதுல என்னங்க்கா சந்தேகம்? மலையோரத்துல இருக்குதல்ல, அமெரிக்கா காலனி. அதத்தான் கேக்கறாங்க."

அப்படி ஒன்று உண்டு. கொல்லங்கோட்டிலிருந்து மலைப் பக்கமாகப் போனால் மாந்தோப்புகளுக்குப் பின்னால் இருக்கிறது. ரேஷன் கார்டில் வேறு பேர். எல்லாரும் சொல்வது அமெரிக்கா காலனி. இதற்கு முன்னால் கொடுத்த ப்ராஜக்டும் நம்மூர்க் குளத்தைப் பற்றித்தான். நாங்கள் நேரில் போய்ப் படிக்கட்டை எண்ணி எழுதினோம், நல்ல மார்க் கிடைத்தது. அதனால் இதுவும் அதே மாதிரி என்று நினைத்ததில் குற்றம் சொல்ல முடியாது. உலகப் படத்தில் அமெரிக்கா எங்கே இருக்கிறது என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் அங்கே காலனி இருக்கும் என்று தோன்றவில்லை. அங்கே இருக்கிறவர்கள் எல்லாரும் வசதியானவர்கள் என்று நினைத்திருந்தோம்.

டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போனைக் கையில் வாங்கினேன். டீச்சர் சாப்பிடுகிற நேரமாக இருக்கும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அப்போது மணி நாலு.

அடுத்த லீவு நாளில் பஸ் பிடித்து, இறங்கி, மாந்தோப்பு வழியாக நடந்து போனோம். முதல் வீட்டு வாசலில் ஒரு பெரியவர் உட்கார்ந்து, உடைந்த பிளாஸ்டிக் குடத்தைக் காய்ச்சின கத்தியால் ஒட்டிக்கொண்டிருந்தார். எண்பதுக்கு மேல் இருக்கும். என் கையில் நோட்டைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஆருங்க? நெலத்துக்குப் பட்டயம் குடுக்கற ஆபீஸா?"

"இல்லீங்க, பரீட்சைக்குங்க" என்றாள் அவள்.

"எதுக்கோ ஒண்ணு. நானும் அம்பது வருஷமாப் பாக்கறேன். வாறாங்க, எழுதறாங்க, போறாங்க. பட்டயம் மட்டும் வாறதில்ல. உக்காருங்க, எழுதுங்க."

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் கேட்டாள், நான் எழுதினேன். கேட்பது எனக்கு வராது, அவளுக்கு எழுதினால் கை வலிக்கும்.

பதினெட்டுக் குடும்பம் வந்ததாம், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து, கால்வாய் வெட்ட. பஞ்ச காலம். கூலிக்குப் பதில் கோதுமையும் எண்ணெயும் கொடுத்தார்கள். இரண்டும் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. கால்வாய் இங்கே வந்து முடிந்தது. மேஸ்திரி போய்விட்டார்.

"நீங்க ஏனுங்க போகல?" என்று கேட்டாள்.

"போறதுக்கு அங்க என்னத்த வெச்சுட்டு வந்தோம்? இங்கயாவது கால்வாயில தண்ணி இருந்துச்சு. நாங்க வெட்டுன தண்ணி."

எண்ணெய் வந்த தகர டின்களை வெட்டி விரித்து, கதவும் கூரையும் போட்டார்களாம். ஒவ்வொரு டின்னிலும் இரண்டு கை குலுக்கிக்கொள்கிற படம்.

"ஊடு பூராவும் கைதானுங்க. ஆரு வந்தாலும் கதவே கை குடுக்கும். அதப் பாத்துட்டுத்தான் ஊர்ல அமெரிக்கா காலனி, அமெரிக்கா காலனின்னு கேலி பேசுனாங்க. கேலி பேசுனது நின்னுபோச்சு. பேரு நின்னுக்கிச்சு."

முதல் மழைக்காலம் மோசம். கோதுமையை எப்படிச் சாப்பிடுவது என்று ஒருவருக்கும் தெரியாது. அரிசி மாதிரி வேகவைத்துத் தின்று எல்லாருக்கும் வயிறு போனது. மிச்சக் கோதுமையில் வண்டு விழுந்தது. பிறகு காய்ச்சல். வந்த வருஷமே ஏழு பேரைப் புதைத்தார்கள். அதில் ஒன்று அவருடைய மூத்த பிள்ளை. இதைச் சொல்லும்போது அவர் குடத்தின் ஓட்டையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலை உயர்த்தி, "இத முக்கியமா எழுதிக்குங்க" என்றார். "நாங்க வாறப்ப இங்க ஒரு ஈ, காக்கா இல்ல. வெறுங்காடு."

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. அவருடைய சம்சாரம்.

"ஈ, காக்கா இல்லீன்னா கெழங்க ஆரு குடுத்தா? காக்காயா கொண்டாந்து குடுத்துச்சு?"

"நீ சும்மா இரு. பட்டயத்துக்கு எழுதறாங்க."

"பட்டயத்துக்கு எழுதுனா எம்பட வயித்துக்குள்ள போன கெழங்கு வெளிய வந்துருமா?"

அந்த அம்மா இரண்டு டம்ளரில் பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து வைத்து, எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அங்கே எரவாளர் குடிசைகள் முன்னமே அஞ்சு இருந்ததாம். மலையில் கிழங்கு தோண்டி, தேன் எடுத்து, ஆடு வைத்துப் பிழைக்கிறவர்கள். பசியில் கிடந்தபோது அந்தக் குடிசைக்காரி ஒருத்திதான் கிழங்கு கொண்டுவந்து கொடுத்தாள். அப்படியே வேகவைத்தால் கசக்கும், தொண்டை அரிக்கும், மூன்று தடவை தண்ணீரை மாற்ற வேண்டும் என்று கூட உட்கார்ந்து காட்டிக் கொடுத்தாள். கால்வாய்த் தண்ணீரைக் குடித்தால் காய்ச்சல் வரும் என்று பாறை இடுக்கில் இருக்கிற ஊற்றையும் காட்டினாள்.

"அவ இல்லீன்னா ஏழு இல்லீங்க, எழுவது போயிருக்கும்" என்றார் அந்த அம்மா.

"அப்பறமுங்க?" என்றாள் இவள்.

"அப்பறம் வேலி போட்டோம்."

"எதுக்குங்க வேலி?"

"அவங்க ஆடு உள்ள வருதுன்னு."

"உங்க ஆடு?"

"எங்க ஆடு வெளிய போகும்."

பெரியவருக்குக் கோபம் வந்தது. "ஆட்ட எதுக்குங்க எழுதறீங்க? ஆட்டுக்கெல்லாம் பட்டயம் தர மாட்டாங்க."

ஊற்று வேலிக்கு உள்ளே வந்துவிட்டதாம். அந்த அஞ்சு குடிசையும் மேலே போய்விட்டது. இப்போது அவர்கள் தண்ணீருக்குத் தோப்பைச் சுற்றி வருகிறார்கள். பெரியவர் எழுதினதை வாசிக்கச் சொன்னார். மெதுவாக வாசித்தேன். கிழங்கு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத அடிச்சுருங்க."

அவளும், "அடிச்சுருங்க்கா, பெரியவரு சொல்றாருல்ல" என்றாள். ஒரே ஒரு கோடு போட்டு அடித்தேன். வீட்டுக்கு வந்து நல்ல நோட்டில் எழுதும்போது கிழங்கு, ஊற்று, வேலி, இரண்டு ஆடு எல்லாவற்றையும் திரும்ப எழுதிவிட்டேன். பத்துப் பக்கம் ஆக வேண்டும். அது இல்லாமல் ஆறரைப் பக்கம்தான் வந்தது.

இரண்டு நோட்டையும் நான்தான் எழுதினேன். அட்டையில் "அமெரிக்கா காலனி" என்று பெரிதாக எழுதி, கீழே குலுக்குகிற இரண்டு கையையும் வரைந்தேன். விரல்கள் சரியாக வரவில்லை. ஒரு கையில் ஆறு இருந்தது.

பரீட்சை நாளில் எங்களைப் பள்ளிக்கூட வராந்தாவில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, நோட்டை வாங்கிக்கொண்டு, அந்த சார் கேள்வி கேட்பார். எனக்கு அந்தப் பக்கம் வேறு சென்டரிலிருந்து வந்த ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அவருடைய நோட்டு அட்டையில் பாய் விரித்த ஒரு கப்பல் படம் ஒட்டியிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவரே சொன்னார்.

"அமெரிக்கன் காலனி. எம்மருமக நெட்டுல பாத்து ஒட்டிக் குடுத்தா. நல்லாருக்குதுங்களா?"

நான் அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டேன். "கப்பல் எதுக்குங்க?"

"கப்பல்ல வந்துதானுங்களே காலனி உண்டாச்சு! இங்கிலாந்து ராஜா அனுப்புன ஆளுங்க. ஆத்தங்கரையில எறங்கி, காய்ச்சல் வந்து, பட்டினி கெடந்து, பாதிப் பேரு செத்துப்போயிட்டாங்களாமா. அந்த நாட்டு ஆளுங்கதான் சோளம் குடுத்துக் காப்பாத்துனாங்களாமா. அப்பறம் நெலத்த வேலி போட்டு வளைச்சு, பொகையில வெச்சுப் பணக்காரங்க ஆயிட்டாங்க. நீங்க படிக்கலீங்களா?"

நான் இவள் பக்கம் திரும்பினேன். அதற்குள் இவளுடைய பேரைக் கூப்பிட்டாகிவிட்டது. நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள். சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்திருக்கலாம். வராந்தாவில் இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கை மடியை விட்டு எழவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள்.

பெஞ்சுக்குப் பின்னால் ஜன்னல். உள்ளே பேசுவது கேட்டது. சார் நோட்டை வாங்கினார். அட்டையைப் பார்த்திருப்பார். உள்ளே புரட்டின சத்தம் வரவில்லை. இன்னும் பதினைந்து பேர் பாக்கி, மணி பன்னிரண்டரை.

"அமெரிக்கன் காலனியா? சரி. எதுல வந்தாங்க, கப்பல்லதானே?"

"கப்பல்தானுங்க. கோதுமை, எண்ணெ எல்லாமே கப்பல்ல வந்ததுதானுங்க."

"எங்க குடியேறினாங்க? ஆத்தோரமா?"

"தண்ணி ஓரமுங்க."

"என்ன கஷ்டம் வந்தது?"

"வயித்தால போச்சுங்க. காய்ச்சலு. வந்த வருசமே பொதச்சாங்க."

"சரி. இவங்க வர்றதுக்கு முன்னாடி அங்க யாராவது இருந்தாங்களா?"

"இருந்தாங்க சார். ஆனா கேட்டா இல்லீன்னு சொல்லுவாங்க."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. "இன்னொரு தரம் சொல்லுங்க" என்றார் சார். அவள் சொன்னாள்.

"இத எந்தப் புஸ்தகத்துல படிச்சீங்க?"

"படிக்கலீங்க. நாங்களே சொந்தமா எழுதுனதுங்க."

"இருந்தவங்க என்ன செஞ்சாங்க?"

"கெழங்கு குடுத்தாங்க. தண்ணி காட்டுனாங்க."

"கிழங்கும் உண்டுதான். சரி, அதுக்கு இவங்க என்ன செஞ்சாங்க?"

"வேலி போட்டாங்க."

பேனா எழுதுகிற சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டிருக்க முடியாது என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அப்படித்தான் ஞாபகம்.

"அனுப்பின ராஜா யாரு?"

"ராஜா இல்லீங்க. மேஸ்திரிங்க."

சார் சிரித்துவிட்டார். "மேஸ்திரின்னு சொன்னாலும் தப்பில்லை. ஆனா பரீட்சையில ராஜான்னு சொல்லணும். என்ன பயிர் வெச்சாங்க?"

"நெலக்கடலைங்க."

"புகையிலை, அம்மா, புகையிலை."

"பொகையில வாயில போடுவாங்க சார். வெள்ளாம பண்ணலீங்க."

"போதும், போங்க. நல்லா சொன்னீங்க."

அவள் முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தாள். அடுத்தது நான்.

சாருடைய மேஜையில் நோட்டுகள் அடுக்கியிருந்தன. மேலே அவளுடையது, ஆறு விரல் கையோடு. சார் என்னிடம் கையை நீட்டினார். என் நோட்டும் அதே அட்டை, அதே எழுத்து. இரண்டு ஒரே மாதிரி இருந்தால் யாராக இருந்தாலும் பிரித்துப் பார்ப்பார்கள். பிரித்தால் முதல் பக்கத்திலேயே பொள்ளாச்சி இருக்கிறது.

"நோட்டு கொண்டாரலீங்க" என்றேன்.

"பையில இருக்கறது என்ன?"

பைக்கு வெளியே அட்டையும் இரண்டு விரலும் தெரிந்தன. "கணக்குப் பாட நோட்டுங்க."

"நோட்டு இல்லாம எப்படிம்மா? சரி, வாயாலயாவது சொல்லுங்க. அமெரிக்கன் காலனி எப்படி உண்டாச்சு?"

கப்பல் அம்மா சொன்னது எல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் இருந்தது. அதைச் சொன்னால் இவள் சொன்ன மேஸ்திரியும் நிலக்கடலையும் அவருக்கு உறுத்தும். இவள் சொன்னதையே சொன்னால் இரண்டு பேருக்கும் ஒரே மேஸ்திரி எப்படி என்று கேட்பார். பேசாமல் நின்றேன். அது எனக்கு நன்றாக வரும். சார் நல்ல மனுஷர். பயப்படாதீங்க என்று தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு அப்போதும் பேசாமல் நின்றேன். போகச் சொல்லிவிட்டார்.

அவள் பாஸ். எனக்கு அந்த ஒரு பாடம் போய்விட்டது. எனக்கு எந்த ஆபீஸிலும் துடைப்பம் காத்திருக்கவில்லை என்பதால் பெரிதாகத் தோன்றவில்லை. அவளுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு வாரம் காலனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

"ரெண்டு நோட்டும் இந்தக்காதான் எழுதுச்சு. சாரு முன்னால வாயத் தொறக்க மாட்டேங்குதுங்க! இதுக்கு நான் பஸ்ஸுல கூட்டீட்டுப் போனேன் பாருங்க, என்னையச் சொல்லோணும்."

சர்ட்டிபிகேட் வந்தது, ஆபீஸில் வைத்தாள், பல மாதம் காகிதம் ஒவ்வொரு மேஜையாகப் போனது. நிரந்தரம் என்று ஆர்டர் அவள் கைக்கு வந்த அன்றைக்குத்தான் நடந்ததைச் சொன்னேன். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து கேட்டாள். கப்பல், ராஜா, புகையிலை எல்லாம் சொல்லி முடித்தேன்.

"அப்ப அந்த சாரு கேட்டது வேற அமெரிக்காவா?"

"ஆமா அம்முணி."

"அங்கயும் கெழங்கு குடுத்தாங்களா?"

"சோளமாமா."

"வேலி?"

"அதும் போட்டாங்களாமா."

ஆர்டரை மடியில் வைத்தாள். "அதனாலதான் நோட்டக் குடுக்கலீங்களா?" என்றாள். நான் அடுப்பைப் பார்க்க எழுந்தேன். "ஊரு பூராத் திட்டீட்டுத் திரிஞ்சேனே" என்றாள். பிறகு அவளாகவே, "கேட்டது வேறயா இருந்தாலும் மேஸ்திரியும் கடலையும் தவிர எல்லாஞ் செரியாத்தான சொல்லியிருக்கறேன்?" என்றாள். நான் ஆமாம் என்றேன். ஆனாலும் அன்றைக்கு மத்தியானம் முழுக்க அவள் பக்கத்திலிருந்து பாத்திரச் சத்தம்கூட வரவில்லை.

எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டேன். இனி படித்தவர்கள் யாராவது சரிபார்க்க வேண்டும். கிழங்குக்கு மூன்று தண்ணீரா நாலா, வந்தது பதினெட்டுக் குடும்பமா, அந்தப் பெரியவருக்குப் பட்டயம் வந்துவிட்டதா என்று அமெரிக்கா காலனிக்குப் போய்க் கேட்கலாம். பெரியவரைக் கேட்கும்போது அந்த அம்மாவும் வீட்டில் இருக்க வேண்டும். இன்னொரு அமெரிக்காவைப் பற்றிக் கப்பல் அம்மா சொன்னதுதான் எனக்குத் தெரியும். அந்த ராஜாவின் பேரும் தெரியாது. தப்பு இருந்தால் இந்தக் காகிதத்தில் திருத்திக்கொள்ளுங்கள். அவளுடைய பரீட்சை நோட்டு ஏதோ ஒரு சர்க்கார் அலமாரியில் இருக்கும். தயவு செய்து அதை எடுத்துத் திருத்த வேண்டாம்.